அசைஞ்ச கை யாரோடது?

போன இதழ்ல ஒருத்தர் "மனுசன் பண்ற பாவத்துக்கு அவனப் படைச்சவன் பொறுப்பா இல்லியா"ன்னு கேட்டிருந்தார். நான் சோம்பேறித்தனமா "வழக்கு நிலுவைல இருக்கு, தீர்ப்பு ஒத்திவைப்பு"ன்னு ஒரே வரில முடிச்சுட்டேன். அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது கொஞ்சநஞ்சமில்ல. லெட்டரு, மெயிலு, வாட்ஸப்புன்னு வந்து குமிஞ்சதுல எடிட்டரே "சினிமா கேள்வியெல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம், மொதல்ல இத ஒரு வழி பண்ணுங்க"ன்னுட்டார். அதனால இந்த வாரம் முழுக்க இதேதான். பேர் வேணாம்னு நெறைய பேர் கேட்டுக்கிட்டாங்க, எல்லாருக்குமே ஊர் மட்டும்.

கேள்வி: ஆதாம் அந்தப் பழத்தத் தின்னுவான்னு கடவுளுக்கு முன்னாடியே தெரியுமா தெரியாதா? தெரியாதுன்னா அவர் எல்லாம் அறிஞ்சவர் இல்ல. தெரியும்னா தோட்டத்து நடுவுல மரத்த வெச்சது யார் தப்பு? சண்டே கிளாஸ்ல கேட்டேன், வெளிய போன்னுட்டாங்க. (காலேஜ் மாணவர், நாகர்கோவில்)

பதில்: வெளிய அனுப்புனவர மன்னிச்சு விட்ருங்க தம்பி, அவர் கையிலயும் பதில் இருந்திருக்காது. 1600 வருசமா பெரிய பெரிய தலைங்க முட்டிப் பாத்த செவுரு இது. அகஸ்டின்னு ஒரு பிஷப், இன்னைக்கு அல்ஜீரியான்னு சொல்ற எடத்துல 354ல பொறந்தவர். சின்ன வயசுல கூட்டாளிகளோட சேந்து பக்கத்துத் தோட்டத்துல பேரிக்காய் திருடினத பின்னாடி உக்காந்து பக்கம் பக்கமா எழுதிருக்கார். பசிக்குத் திருடலியாம், திருடற ருசிக்காகத் திருடி கடேசில பன்னிக்குக் கொட்டிட்டு வந்தாங்களாம். நான் ஏன் அப்டி செஞ்சேன்னு அந்த மனுசன் வாழ்நாள் பூரா கொடஞ்சு கொடஞ்சு கேட்டுக்கிட்டே இருந்திருக்கார், அதுக்காகவே எனக்கு அவரப் புடிக்கும்.

அவர் சொன்ன பதில்தான் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. ஒண்ணு நடக்கப்போகுதுன்னு தெரியறது வேற, அத நடத்தி வைக்கறது வேற. என் பேத்தி முன்னாடி லட்டையும் பாவக்காயயும் வெச்சா அவ எத எடுப்பான்னு எனக்கு நல்லாவே தெரியும், தெரிஞ்சிருந்துச்சுங்கறதுக்காக நானா அவ கையப் புடிச்சு லட்ட எடுத்தேன்? அதோட, தீமைன்னு ஒரு சரக்க கடவுள் தனியா உருட்டி வைக்கல, நல்லது கொறையற எடத்துக்குப் பேருதான் தீமை, வேட்டியில விழுந்த ஓட்டய எந்த நெசவாளியும் நெய்யலன்னார்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தம்பி, லட்டு டப்பாவ கைக்கு எட்டற எடத்துல வெச்சது நான்தானே? கடவுள் விசயத்துல இன்னும் மோசம், லட்டு, டப்பா, நாக்கு, ஆச எல்லாமே அவர் கைவேல. அகஸ்டினே வயசான காலத்துல, மனுசன் சொந்த முயற்சிலயே நல்லவனா இருக்க முடியும்னு சொன்ன பெலாஜியஸ்னு ஒருத்தரோட மல்லுக்கட்டி, கடவுள் அருள் இல்லாம மனுசனால நல்லதப் பண்ணவே முடியாதுங்கற எடத்துக்கு வந்துட்டார். 418ல கார்தேஜ்ல கூடின ஆயர்கள் பெலாஜியஸ் சொன்னது தப்புன்னு தீர்ப்பும் எழுதிட்டாங்க. அப்ப நல்லது நடந்தா அருளு, கெட்டது நடந்தா நம்ம சுதந்திரம். இந்தக் கணக்குப் புஸ்தகத்த எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்.

ஆனா நீங்க கவனிக்காம விட்ட ஒரு எடம் இருக்கு. ஆதியாகமம் 3ம் அதிகாரம் 12ம் வசனம். ஏன் தின்னேன்னு கேட்டதுக்கு ஆதாம் என்ன சொல்றான்? "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள் அவ்விருட்சத்தின் கனியை எனக்குக் கொடுத்தாள்". அந்த "தேவரீர் தந்த"வ மட்டும் இன்னொரு தடவ படிங்க. பழிய பொண்டாட்டி மேல போட்டான்னுதான் நாம பிரசங்கத்துல கேட்டிருப்போம். அவள ஒரு சாக்கா வெச்சுக்கிட்டு அவளக் குடுத்தவர் மேலயே போடறான் பாருங்க. உங்க கேள்விய உங்களுக்கு முன்னாடி கேட்டது ஆதாமே, அதுவும் வாயில பழத்தோட. அவன் கேட்டதுக்கு அந்த அதிகாரத்துல பதிலே கெடயாது, நேரா தண்டனைக்குப் போயிடறாங்க. உங்கள கிளாஸ விட்டு வெளிய அனுப்புனாங்க, அவன தோட்டத்த விட்டே வெளிய அனுப்பிட்டாங்க.

இன்னொண்ணு. சுதந்திரம் குடுத்ததால தீமை வந்துச்சுங்கற பதில் திருட்டுக்கும் கொலைக்கும்தான் செல்லும். 1755 நவம்பர் 1, எல்லாப் புனிதர்களோட திருநாள், போர்ச்சுகல்ல லிஸ்பன் நகரமே காலைப் பூசைல இருக்கறப்ப பூகம்பம், ஏத்தி வெச்ச மெழுகுவத்தி சாஞ்சும் தீப்புடிச்சுது. இருக்கக்கூடிய உலகத்துலயே இதுதான் உத்தமமானதுன்னு 1710ல லைப்னிட்ஸ்ங்கற ஜெர்மன் தத்துவவாதி எழுதி வெச்சிருந்த தத்துவத்துக்கு அன்னைக்கு விழுந்த அடி லேசுப்பட்டதில்ல. நம்ம பக்கம் 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழம, வேளாங்கண்ணி கடற்கரை, சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல போனாங்க. அதுல யாரோட சுதந்திரம், யாரோட பாவம்? மாதா கோயிலுக்கு வேண்டுதலோட வந்து நின்னவங்களும் அதுல இருந்தாங்க. இதுக்கு எங்கிட்ட வக்கு இல்ல தம்பி, உங்க சண்டே கிளாஸ் சாருக்கும் இருக்காது.

கேள்வி: இப்டி அரகொறயாப் படைச்சதாலதான் பிரம்மாவுக்குக் கோயிலே இல்லாமப் போச்சா? (திண்டுக்கல்)

பதில்: யார் சொன்னா இல்லன்னு? திருச்சிக்குப் பக்கத்துல திருப்பட்டூர் போய்ப் பாருங்க, பிரம்மபுரீஸ்வரர் கோயில்ல பிரம்மாவுக்குப் பெரிய சன்னிதி, தெனமும் ஜனம் ஜாதகத்த எடுத்துக்கிட்டு வந்து அவர் கால்ல வெச்சு தலையெழுத்த மாத்திக் குடுன்னு கேக்குது. எழுதினவன்கிட்டயே திருத்தம் கேட்டு மனு போடறதுதான் நம்ம ஜனத்தோட ஸ்டைல். இவ்வளவுக்கும் பிரணவத்துக்கு அர்த்தம் தெரியலன்னு அதே பிரம்மாவ முருகன் தலையில குட்டி ஜெயில்ல போட்டதாவும் நாமதான் கதை சொல்றோம். படைச்சவன உள்ள வெச்ச ஊருங்க இது, இங்க வந்து அவரக் கேள்வி கேக்கலாமான்னு கேக்கறீங்க.

கேள்வி: கத்ர்ல, அதாவது அல்லா விதிச்ச விதியில, எல்லாம் எழுதி முடிச்சாச்சுன்னா நான் தொழறதுக்கும் தொழாததுக்கும் நான் எப்டி பொறுப்பு? எங்க ஹஜ்ரத் ரொம்ப யோசிக்காதீங்கன்னு சொல்லிட்டார். (காயல்பட்டினம்)

பதில்: ஹஜ்ரத் சொன்னது தட்டிக்கழிக்கறதுக்கு இல்லீங்க. யோசிச்சு யோசிச்சு ரெண்டு மூணு கோஷ்டியா உடைஞ்ச அனுபவத்துல சொல்றது. ஆரம்ப நூற்றாண்டுகள்லயே இந்தச் சண்ட ஆரம்பிச்சாச்சு. மனுசன் காத்துல அடிக்கற சருகு, எதுவும் அவன் கைல இல்லன்னு ஜபரிய்யாக்காரங்க. இல்ல, செயல் அவனோடதுதான், இல்லாட்டி தண்டிக்கற கடவுள் நீதியுள்ளவனா எப்டி இருக்க முடியும்னு முஃதஸிலாக்காரங்க. இதுக்கு நடுவுல அல் அஷ்அரி வந்து, செயலப் படைக்கறது அல்லா, அத தன்னோடதா சம்பாதிச்சுக்கறது மனுசன்னு ஒரு நூல் புடிச்சார்.

அந்த அஷ்அரி மொதல்ல முஃதஸிலா பள்ளியில இருந்தவர்தான். அவர் ஏன் வெளிய வந்தார்ங்கறதுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. வாத்தியார் ஜுப்பாயிகிட்ட கேட்டாராம்: மூணு அண்ணன் தம்பிங்க, ஒருத்தன் நல்லவனா வாழ்ந்து செத்தான், ஒருத்தன் கெட்டவனா செத்தான், ஒருத்தன் கொழந்தையிலயே போயிட்டான். கொழந்த கடவுள்கிட்ட "என்னயும் வளர விட்டிருந்தா நானும் நல்லது பண்ணி மேல்படிக்கு வந்திருப்பேனே"ன்னு கேக்குது. "நீ வளந்தா கெட்டுப் போவேன்னு எனக்குத் தெரியும், அதான் முன்னாடியே எடுத்துக்கிட்டேன்"னு பதில். ஒடனே நரகத்துலேர்ந்து நடு அண்ணன் கத்தறான், "அப்ப என்ன ஏன் கொழந்தையிலயே எடுக்கல?" வாத்தியார் வாயத் தொறக்கலியாம். நாகர்கோவில் தம்பிக்கு இந்தக் கதைய யாராவது அனுப்பி வைங்க.

உங்க கேள்விக்கு நான் நம்பிக் குடுக்கற பதில் கலீஃபா உமரோடது. சிரியாவுக்குப் போற வழியில அங்க கொள்ளநோய்னு சேதி வருது, திரும்பிடலாம்னு முடிவு பண்றார். கூட இருந்த அபூ உபைதா "அல்லா விதிச்சதுலேர்ந்து ஓடறீங்களா?"ன்னு கேட்டுட்டார். "இத உங்களத் தவிர வேற யாராவது கேட்டிருக்கக் கூடாதா! ஆமா, அல்லா விதிச்சதுலேர்ந்து அல்லா விதிச்சதுக்குத்தான் ஓடறோம்"னார் உமர். அதோட விடல. ஒங்க ஒட்டகத்த ஓட்டிக்கிட்டு ஒரு பள்ளத்தாக்குல எறங்கறீங்க, ஒரு பக்கம் பச்சப் பசேல்னு புல்லு, இன்னொரு பக்கம் வறண்டு கெடக்குது, எந்தப் பக்கம் மேச்சாலும் அவன் விதிப்படிதானே மேச்சிருப்பீங்கன்னு கேட்டார். எழுதிருக்கான்னு நெத்தியத் தடவிப் பாத்துக்கிட்டு நிக்காம, கண்ணு முன்னாடி தெரியற புல்லு பக்கம் ஒட்டகத்த ஓட்டுங்கறார். தொழுகையும் அப்டித்தான்னு நெனைக்கறேன், உள்ள என்ன எழுதிருக்குன்னு ஒங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, பாங்கு சத்தம் கேக்கறது மட்டும் தெரியுது.

கேள்வி: பழுதான மிக்ஸியத் தயாரிச்ச கம்பெனி நஷ்டஈடு தரணும். பழுதான மனுசனத் தயாரிச்சவர் மேல கேஸ் போட முடியாதா? ஒரு வக்கீலா கேக்கறேன். (கோயம்புத்தூர்)

பதில்: போட்டே பாத்துட்டாங்க சார். அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநில சட்டசபை உறுப்பினர் எர்னி சேம்பர்ஸ் 2007ல கடவுள் மேல கேஸ் போட்டார், வெள்ளம், பூகம்பம், புயல்னு ஜனத்த பயமுறுத்தறதுக்குத் தடை உத்தரவு வேணும்னு. யார் மேல வேணும்னாலும் யாரும் கேஸ் போடலாம்ங்கற உரிமையக் காட்டத்தான் போட்டாரு, ஆனா கேஸு கேஸுதானே. அடுத்த வருசம் ஜட்ஜ் தள்ளுபடி பண்ணிட்டார். காரணம், பிரதிவாதிக்கு விலாசம் இல்ல, சம்மன் சார்பு செய்ய முடியாது! எல்லாம் அறிஞ்சவருக்கு எதுக்குய்யா தனியா சம்மன்னு சேம்பர்ஸ் கேட்டார், எடுபடல.

ஒங்க மிக்ஸிக்கு வருவோம். 2019 நுகர்வோர் சட்டத்துல தயாரிப்புக் குறைபாடு, வடிவமைப்புக் குறைபாடு ரெண்டுக்குமே கம்பெனி பொறுப்புன்னு இருக்கு. மனுசன் விசயத்துல வடிவமைப்புக் குறைபாடுன்னு வாதாடலாம்தான். ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சு ஒண்ணே ஒண்ணு கேப்பார்: "கனம் கோர்ட்டாரே, மிக்ஸி என்னைக்காவது 'நான் பண்ணது தப்பு'ன்னு ராத்திரி தூக்கம் வராமப் பொரண்டிருக்கா?" அங்க ஒங்க கேஸ் கொஞ்சம் ஆட்டம் காணும்.

இன்னொரு பாயிண்ட் ஓசியில தர்றேன். 7 வயசுக்குக் கீழ உள்ள கொழந்த பண்றது எதுவும் குத்தமே இல்லன்னு பழைய இந்திய தண்டனைச் சட்டம் 82ம் பிரிவுல இருந்துச்சு, 2024 ஜூலை 1லேர்ந்து வந்த புதுச் சட்டத்துல அதுவே 20ம் பிரிவு. ஏன்னா நல்லது கெட்டது தெரியாதவன் மேல குத்தம் நிக்காது. ஆதாம் தின்ன பழம் எந்த மரத்துது? நன்மை தீமை அறியற மரத்துது. அப்ப தின்னறதுக்கு முன்னாடி அவனுக்கு நல்லது கெட்டது தெரியாது! ஆதாமுக்கு ஆஜராகி 20ம் பிரிவுல வெளிய கொண்டு வந்துடலாம் சார். வயசு மட்டும்தான் இடிக்கும், அவன் பொறக்கவே இல்ல, நேரா ஆளா எந்திரிச்சு நின்னவன்.

கேள்வி: நாம முடிவெடுக்கறதுக்கு முன்னாடியே மூளை முடிவெடுத்துடுதுன்னு சயின்ஸ் நிரூபிச்சிடுச்சே, அப்புறம் என்ன சுதந்திரம்? (சென்னை)

பதில்: 1983ல பெஞ்சமின் லிபெட்ங்கற மூளை ஆராய்ச்சியாளர் பண்ண சோதனையச் சொல்றீங்க. தோணும்போது வெரல அசைன்னு சொல்லி தலையில ஒயர மாட்டிப் பாத்தார், அசைக்கணும்னு ஆளுக்குத் தோணறதுக்குக் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு செகண்ட் முன்னாடியே மூளையில மின்னோட்டம் ஏற ஆரம்பிச்சிடுது. ஆனா அதுக்கு அர்த்தம் என்னங்கறதுல இன்னும் அடிதடி ஓயல, லிபெட்டே கடேசி நொடியில "வேணாம்"னு நிறுத்தற அதிகாரம் நமக்கு இருக்குன்னுதான் சொன்னார். வெரல சும்மா அசைக்கறதுக்கும் லஞ்சப் பணத்த வாங்கலாமா வேணாமான்னு மூணு நாள் யோசிக்கறதுக்கும் வித்தியாசம் இல்லியா சார்?

கேள்வி: படைத்தவனைக் குற்றம் சொல்வதே மகாபாவம். உங்கள் பகுதியில் இதற்கு இடம் கொடுத்ததைக் கண்டிக்கிறேன். தமிழ் மரபுக்கே விரோதம். (காஞ்சிபுரம்)

பதில்: ஐயா கோவிச்சுக்காதீங்க. தமிழ் மரபுன்னு சொன்னதாலதான் இவ்ளோ நீளமா எழுதப்போறேன்.

வள்ளுவர எடுங்க. 1062வது குறள், இரவச்சம். "இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்". பிச்ச எடுத்துத்தான் சிலர் உயிர் வாழணும்னு ஒருத்தன் இந்த உலகத்த ஏற்பாடு பண்ணிருந்தா அவனும் அவங்க மாதிரியே அலஞ்சு திரிஞ்சு கெட்டுப் போகட்டும்ங்கறார். கடவுள் வாழ்த்துன்னு பத்துக் குறள் பாடி ஆரம்பிச்ச அதே மனுசன், அதே புஸ்தகத்துல.

அவர் கூட "ஏற்பாடு பண்ணிருந்தா"ன்னு ஒரு நிபந்தனை போட்டார். புறநானூறு 194ல பக்குடுக்கை நன்கணியார் அதுவும் போடல. ஒரு வீட்டுல சாவுப் பறை, அடுத்த வீட்டுல கல்யாண முழவு. ஒருத்தி பூ வெச்சுக்கறா, இன்னொருத்தி கண்ணுலேர்ந்து தண்ணி நிக்கல. ரெண்டு சத்தமும் ஒரே தெருவுல, ஒரே நேரத்துல காதுல விழுது. அந்தாளு நடுத்தெருவுல நின்னு சொல்றார், "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்". இதப் படைச்சவன் நிச்சயமா பண்பு கெட்டவன்! திருமண மண்டபத்துக்கு ரெண்டு வீடு தள்ளி துட்டி வீடு இருக்கற தெருவுல நின்னு மேளச் சத்தத்தக் கொறைக்கச் சொல்லலாமா வேணாமான்னு தவிச்சவங்களுக்கு இந்தப் பாட்டுக்கு உரையே வேணாம்.

இதுல நான் கவனிச்சது ஒண்ணு. திட்டின இந்த ரெண்டு பேருமே தன்னோட தப்புக்காகத் திட்டல. வள்ளுவர் பிச்சக்காரனுக்காகக் கேக்கறார், நன்கணியார் தாலியறுத்தவளுக்காகக் கேக்கறார். "நான் திருடினேன், என்ன அப்டிப் படைச்சவன் கெடுக"ன்னு நான் படிச்ச பழைய பாட்டு எதுலயும் வந்ததில்ல.

வராதது மட்டும் இல்ல, நேர் எதிராவும் ஒருத்தன் இருக்கான். சிலப்பதிகாரத்துல கோவலன் கொலைக்கு ஊழ்வினைதான் காரணம்னு மதுராபதி தெய்வமே வந்து கண்ணகிகிட்ட முன்ஜென்மக் கதையெல்லாம் விலாவாரியாச் சொல்லுது. ஆனா அதுக்கு முன்னாடி பாண்டியன் சபையில என்ன நடந்துச்சு? செலம்ப ஒடைச்சா, மாணிக்கப் பரல் தெறிச்சுது. அவனுக்குச் சாக்கா இல்ல? பொற்கொல்லன் பொய் சொன்னான், காவலாளிங்க அவசரப்பட்டாங்க, கடேசியா இருக்கவே இருக்கு விதி. எதையும் சாக்கா எடுத்துக்கல, பொற்கொல்லன் பேச்சக் கேட்டதும் தன் தப்புன்னே சொன்னான். "யானோ அரசன் யானே கள்வன்"னான், விழுந்தான், செத்தான். மேல ஒரு விதி ஓடிக்கிட்டிருந்தது கதை சொன்னவருக்குத் தெரியும், நமக்குத் தெரியும், அது அவன் சொன்ன வார்த்தையில ஒரு எழுத்தக் கூட கொறைக்கல. ஐயா, இந்த மரபுதானே நீங்க சொல்றதும்?

கேள்வி: "அவனன்றி ஓர் அணுவும் அசையாது"ன்னு எங்க வீட்டு பூஜ ரூம்ல படம் மாட்டியிருக்கு. என் வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்து அடிக்கறப்ப அசையற கை யாரோடது? மறுநாள் காலைல "விதி, என்ன பண்ண"ன்னு அவர் அழுவறார், மாமியார் "நீ போன ஜென்மத்துல என்ன பண்ணியோ"ங்கறாங்க. (ஊர் போட வேணாம்)

பதில்: அந்தக் கை உங்க வீட்டுக்காரரோடதுதாம்மா. இதுல எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்ல.

தத்துவத்த அப்புறம் பேசிக்கலாம். 181க்கு போன் போடுங்க, பெண்களுக்கான உதவி எண் அது. 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல உங்களுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அந்த வீட்டுலயே குடியிருக்கற உரிமையயும் வாங்கலாம், மாவட்ட சமூக நலத்துறையில இதுக்குன்னே பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க. விதின்னு அழுவற ஆளு குடிக்கறதுக்கு முன்னாடி பர்ஸ்ல பணம் இருக்கான்னு பாத்துட்டுத்தானே போறார்? அங்க மட்டும் விதிய நம்பிப் போறதில்ல பாருங்க.

இப்ப அந்தப் படம். இதே அர்த்தத்துல அப்பர் பாடினது ஒண்ணு இருக்கு, "ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடா தாரே". ஆட்டி வைச்சா யார்தான் ஆடாம இருக்க முடியும்னு. இத எடுத்துக்கிட்டு "அவன் ஆட்டுவிச்சான், நான் அடிச்சேன்"னு யாராவது சொன்னா பாடினது யாருன்னு கேளுங்க. பெரியபுராணத்துல பல்லவ ராஜா சுண்ணாம்புக் காளவாயில போட்டு மூடினது அவரத்தான், விஷம் குடுத்தது அவருக்குத்தான், கல்லுல கட்டிக் கடல்ல தள்ளினதும் அவரத்தான். காளவாயில கெடந்தவர் பாடின பாட்டும்மா அது. காளவாயில போட்டவன் பாடினதில்ல. கெடக்கறவன் சொன்னா அது தைரியம், போட்டவன் எடுத்துச் சொன்னா அது தப்பிக்கற வழி, வார்த்த ஒண்ணுதான்.

சைவ சித்தாந்தக்காரங்க இத முன்னாடியே யோசிச்சு வெச்சிருக்காங்க. 13ம் நூற்றாண்டுல மெய்கண்டார் பன்னண்டே சூத்திரத்துல எழுதின சிவஞானபோதம் இருக்கே, அந்த வழியில பாத்தா உயிரக் கடவுள் படைக்கவே இல்ல. பதி (கடவுள்), பசு (உயிர்), பாசம் (உயிரக் கட்டிப்போடற அழுக்கு) மூணுமே ஆரம்பம் இல்லாதது. அந்த அழுக்குல முக்கியமான ஆணவ மலம் யாரும் உள்ள ஊத்தினது இல்ல, நெல்லோட உமி மாதிரி, செம்போட களிம்பு மாதிரி கூடவே இருக்கறது. கடவுள் படைக்கறது ஒடம்பையும் உலகத்தயும், அதுவும் அந்த அழுக்கக் கழுவறதுக்கு. ஆக அழுக்குக்கு அவர் பொறுப்பில்ல, சோப்புக்குத்தான் பொறுப்பு.

எங்க ஆச்சிகிட்ட ஒரு செம்புக் குடம் இருந்துச்சு. வெள்ளிக்கிழம காலைல பழைய புளியும் சாம்பலும் போட்டு, தென்ன நாரு எடுத்துத் தேய்ப்பா தேய்ப்பா, கழுத்துப் பக்கம் இடுக்குல ஒரு பச்ச நிக்கும் பாருங்க, அதுக்கு வெரல் நகத்தால புளிய அமுக்கி நோண்டணும். மத்தியானம் பொன்னு மாதிரி தகதகன்னு இருக்கும். திங்கக்கிழம மறுபடி மங்கிடும், அடுத்த வெள்ளிக்கு இடுக்குல பச்ச. "இந்தக் களிம்ப யாரு ஆச்சி பூசறா"ன்னு சின்னதுல கேட்டிருக்கேன். "எவளும் பூசலலே, அது செம்போட கொணம், தேய்க்காம வுட்டவ மேலதான் தப்பு"ன்னா. அவ சித்தாந்தம் படிச்சவ இல்ல, கையெழுத்தே கோணல்மாணலாப் போடுவா.

இதோட நின்னிருந்தா எனக்குச் சண்டையில்ல. ஆனா உங்க மாமியார் சொல்ற "போன ஜென்மம்" இங்கதான் உள்ள நுழையுது. உலகத்துல ஒருத்தன் சொகமா இருக்கான் ஒருத்தன் அவதிப்படறான், அப்ப கடவுள் பட்சபாதக்காரனா, எரக்கமில்லாதவனான்னு வேதாந்தத்தோட மூலநூலான பிரம்மசூத்திரத்துலயே கேள்வி இருக்கு. இல்ல, அவரவர் வினைக்கு ஏத்தமாதிரிதான் அவர் தர்றார்னு பதில். மழை எல்லா வயலுக்கும் ஒண்ணுதான், நெல்லு வெதச்சா நெல்லு, பார்லி வெதச்சா பார்லின்னு சங்கரர் உதாரணம் சொல்றார். சைவ சித்தாந்தக்காரங்க சூரியனச் சொல்றாங்க, அதே வெயில்ல ஒரு தாமர மலருது, இன்னொண்ணு வாடுது. அழகான உதாரணம்தான் ரெண்டும், ஆனா என்ன நடந்திருக்கு பாருங்க, பழிய வெத மேல போட்டு மழையக் காப்பாத்தியாச்சு. பெரியவங்க அத கடவுளக் காப்பாத்தத்தான் சொன்னாங்க, நம்ம வீடுகள்ல அத எடுத்து அடிக்கறவனக் காப்பாத்தறோம். போன ஜென்மத்துல நீங்க என்ன பண்ணீங்கன்னு உங்க மாமியாருக்குத் தெரியாது, நேத்து ராத்திரி அவங்க பையன் என்ன பண்ணான்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சதப் பத்திப் பேசச் சொல்லுங்க.

அப்ப படைச்சவனுக்குப் பொறுப்பே இல்லியான்னா, இருக்குன்னுதான் நெனைக்கறேன். இந்த மாதிரி கையும் இந்த மாதிரி வெறியும் உள்ள உலகத்த ஒருத்தன் திட்டம் போட்டுப் பண்ணிருந்தா அவன் பதில் சொல்லியாகணும், நன்கணியார் மாதிரி நீங்களும் பூஜ ரூம்ல நின்னு திட்டலாம், உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு இல்ல. பொறுப்புங்கறது அண்ணன் தம்பி பாகம் பிரிக்கற நெலம் இல்லம்மா, கடவுளுக்கு ஒரு ஏக்கர் போனா இவருக்கு ஒரு ஏக்கர் கொறையறதுக்கு. அவர் பங்கு முழுசா அவருக்கு, இவர் பங்கு முழுசா இவருக்கு.

போன் போட்டீங்களான்னு மட்டும் ஒரு வரி எழுதுங்க, அத அச்சுல போட மாட்டேன்.

கேள்வி: விதிப்படிதான் திருடினேன்னு ஒரு திருடன் சொன்னா என்ன பண்றது? (தஞ்சாவூர்)

பதில்: கிரேக்க தேசத்து ஜீனோ, ஸ்டோயிக் தத்துவத்த ஆரம்பிச்சவர், அவர் அடிமை இதே வசனத்த அவர்கிட்டயே பேசினானாம். "அடி வாங்கறதும் உன் விதிதான்"னு சொல்லிட்டு வேலையப் பாத்திருக்கார். அடிமையோட பக்கத்துக் கதைய யாரும் எழுதி வைக்கல, அதயும் சேத்துச் சொல்லணும்.

கேள்வி: இவ்வளவு பேசறீங்களே, நீங்க சாமி கும்பிடுவீங்களா மாட்டீங்களா, நேராச் சொல்லுங்க. (திருநெல்வேலி)

பதில்: கும்பிடறேன், நடுவுல நடுவுல பேசறதையும் நிறுத்திடறேன், 2004 டிசம்பருக்கு அப்புறம் ஒரு ஏழெட்டு மாசம் வெளக்கு கூட ஏத்தல. ஆச்சி குடம் இப்ப எங்க வீட்டுலதான் இருக்கு. வெள்ளிக்கிழம தேய்க்கறது நான்தான். மருமக டிவி விளம்பரத்தப் பாத்து ஏதோ பவுடர் வாங்கி வந்தா, மேலாக்க பளபளன்னு வருது, கழுத்து இடுக்குல அப்டியே நிக்குது. அங்க புளிதான், நகம்தான்.